டிரெய்லருக்கு வழி விடுவது யார்? லேன் மாற்றத்தை நம்ம சாலைக்கு ஏற்ப சிமுலேஷனில் அமைப்பது பற்றி

நீங்கள் கேட்டது இதுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் தெற்கே துறைமுகம் நோக்கி வரும் பக்கம், காசிமேட்டுக்கு வடக்கே உள்ள ஒரு துண்டை சுமோ (SUMO) என்ற போக்குவரத்துச் சிமுலேஷன் மென்பொருளில் வரைந்திருக்கிறீர்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் கடல் பக்கமாக வரிசை கட்டி நிற்பதால், அங்கே இரண்டு லேன் ஒன்றாகச் சுருங்குகிறது. மாடலை ஓட்டினால் நேரே போக வேண்டிய டிரெய்லர்கள் லேன் முடியும் இடத்தில் போய் நின்றுவிடுகின்றன. யாரும் வழி விடுவதில்லை. ஐந்து நிமிடம் கழித்து வண்டி மாயமாகிறது. ஒத்துழைப்பைக் குறிக்கும் எல்சி கோஆப்பரேட்டிவ் மதிப்பு 1-லேயே இருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான விஸ்ஸிமில் அதே சாலையைப் போட்டு ‘கோஆப்பரேட்டிவ் லேன் சேஞ்ச்’ கட்டத்தில் டிக் போட்டும் எந்த மாற்றமும் இல்லை. எங்கே தப்பு?

பத்துப் பதினைந்து வருடமாக இந்த மென்பொருள்களோடு வேலை செய்கிறேன், அதே சாலையில் தினமும் போய் வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விஸ்ஸிம், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிடும். அந்த டிக் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. பக்கத்து லேனில் எனக்கு முன்னால் போகும் வண்டி என் லேனுக்குள் வரப் பார்க்கிறது என்று தெரிந்தால், நான் அதற்கு அடுத்த லேனுக்கு நகர்ந்து இடம் கொடுக்க முயல்வேன். வேக வித்தியாசம் 10.8 கி.மீ., மோதும் நேரம் 10 விநாடி என்று இரண்டு வரம்புகள் இயல்பாகவே இருக்கும். உங்கள் சாலையில் ஒரு திசைக்கு இரண்டே லேன். வலது லேனில் வருகிறவன் இன்னும் வலப்பக்கம் நகர்ந்தால் மீடியனில்தான் ஏற வேண்டும். நகர இடமே இல்லாத இடத்தில் டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நீங்கள் எதிர்பார்ப்பது பின்வண்டி வேகத்தைக் குறைத்து இடம் கொடுப்பதை. அது வேறு வரியில் இருக்கிறது: ஒத்துழைப்புக்காகப் பிரேக் பிடிக்கும் உச்ச அளவு. இயல்பு மதிப்பு விநாடிக்கு விநாடி 3 மீட்டர். தொட வேண்டியது அதைத்தான். அதோடு, சாலைத் துண்டுகளை இணைக்கும் கனெக்டரின் லேன் மாற்றத் தூரம் இயல்பாக 200 மீட்டர் இருக்கும். நம்ம ஓட்டுநர்கள் வரிசையின் வாலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் யோசிப்பார்கள். அந்தத் தூரத்தையும் நேரில் பார்த்துத்தான் போட வேண்டும்.

சரி, சுமோவுக்கு வருவோம்.

சுமோவின் வழக்கமான லேன் மாற்ற மாடலில் ஒரு வண்டி லேன் மாற நான்கு காரணங்கள் உண்டு. தன் பாதையில் தொடர வேறு வழியில்லாமல் மாறுவது, மற்றவனுக்கு உதவ மாறுவது, வேகமாகப் போக மாறுவது, முந்தும் லேனைக் காலி செய்ய ஓரம் போவது. கடைசிக் காரணம் நம்ம ஊரில் கிட்டத்தட்ட இல்லை. அதற்கான எண்ணான எல்சி கீப்ரைட்டை 0 ஆக்கிவிடுங்கள். உங்கள் சிக்கல் முதல் இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மாற முடியாமல் மாட்டிக்கொண்ட வண்டி, தன்னைத் தடுக்கும் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் தகவல் சொல்லும். அவை தங்கள் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இடைவெளி உண்டாக்கப் பார்க்கும். எல்சி கோஆப்பரேட்டிவ் என்பது இடம் கொடுப்பவனின் குணம், கேட்பவனின் குணம் இல்லை. இதைக் கவனிக்காமல் டிரெய்லரின் வகையில் மட்டும் அதை ஏற்றி இறக்கிப் பார்க்கிறவர்கள் நிறைய. உங்கள் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. டிரெய்லருக்கு 1 கொடுத்தால் டிரெய்லர் மற்றவனுக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

லேன் மாற்றத்துக்கான இன்னொரு பிரபல மாடலான மோபிலிலும் இதே குழப்பம் வரும். கெஸ்டிங், டிரைபர், ஹெல்பிங் மூவரும் 2007-ல் வெளியிட்ட அந்த மாடலில் ‘பணிவு’ என்று ஒரு எண் இருக்கிறது. அது மாறப் போகிறவனின் பணிவு. நான் உள்ளே நுழைந்தால் பின்னால் வருகிறவனுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நான் யோசிக்கும் அளவு. எண்ணை 0 ஆக்கினால் என் லாபம் மட்டும் பார்ப்பேன், ஆனாலும் பாதுகாப்பு வரம்பை மீற மாட்டேன். பின்வண்டி எனக்காக முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பது அந்தச் சமன்பாட்டில் எங்கேயும் இல்லை. மோபிலில் பணிவைக் கூட்டினால் டிரெய்லர் இன்னும் அதிக நேரம் நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சுமோ ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தில் பிறந்தது, விஸ்ஸிம் கார்ல்ஸ்ரூவில். அங்கே லேன் முடியும் இடத்தில் ஜிப் பற்கள் மாதிரி ஒன்று விட்டு ஒன்று சேர வேண்டும் என்பது போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. இயல்பு மதிப்புகள் அந்த ஊர் ஓட்டுநரை மனதில் வைத்து வந்தவை. அங்கே ஹெட்லைட்டை ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் ‘நீ போ’. மணலியிலிருந்து வரும் சாலையில் ஹெட்லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’. மென்பொருளைக் குறை சொல்லவில்லை. நம்ம சாலையில் இடம் எப்படிக் கைமாறுகிறது என்பதை நாம்தான் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதைப் பார்க்க நான் செய்தது, காலை நேரத்தில் அந்தச் சாலையோர டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றதுதான். ஒரு காட்சியைச் சொல்கிறேன். நாற்பது அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று, துறைமுகத்துக்குப் போகாத வண்டி, வரிசையின் வாலுக்குப் பின்னால் வந்து நின்றது. வலப்பக்கம் போக வேண்டும். இண்டிகேட்டர் போட்டார், பலன் இல்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக ஆட்டினார். ஒரு கார்க்காரர் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அவர் முன்னால் இடைவெளி திறந்தது. திறந்த வேகத்தில் அதற்குள் நாலு பைக், பின்னாலேயே ஒரு மீன்பாடி வண்டி. இடைவெளி போய்விட்டது, கார்க்காரரும் போய்விட்டார். அடுத்து வந்தது மாநகரப் பேருந்து. அது வேகத்தைக் குறைத்ததும் லேனின் முழு அகலமும் அடைபட்டது. பைக்குகள் பேருந்துக்குப் பின்னால் தேங்கின. அப்போதுதான் டிரெய்லரின் மூக்கு ஓரடி உள்ளே வந்தது, பிறகு இன்னும் ஓரடி. மூக்கு வந்தபின் யாரும் கேள்வி கேட்கவில்லை, எல்லோரும் நின்றார்கள்.

இதில் மாடலுக்குத் தேவையான விஷயங்கள் மூன்று இருக்கின்றன. ஒத்துழைப்பு முதலிலேயே இருந்தது, ஆனால் இடம் கொடுத்தவரின் அகலம் போதவில்லை. இடம் கேட்பதில் பாதி, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைவதில் இருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு வண்டிக்கும் கிடைத்த மரியாதை வேறு வேறு. இந்த மூன்றையும் லேன் நடுவில் மட்டும் ஓடும் வண்டிகளைக் கொண்ட மாடலில் கொண்டுவர முடியாது. கார் திறந்த இடைவெளி அங்கே டிரெய்லருக்காகப் பத்திரமாகக் காத்திருக்கும், பைக் நுழையாது.

ஆகவே முதல் வேலை, லேட்டரல் ரெசல்யூஷனை (பக்கவாட்டுத் துல்லியம்) அமைத்து, லேனை மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கும் சப்லேன் மாடலுக்கு மாறுவது. 0.4 மீட்டர் அளவில் ஆரம்பியுங்கள். சிறிதாக்கினால் ஓட நேரம் பிடிக்கும், ஆனால் பைக் பொதுவாக 0.9 மீட்டர் அகலம் என்பதால் அதற்குப் பாதியாவது வேண்டும். இயல்பாக எல்லா வண்டியும் லேன் நடுவில் ஓடப் பார்க்கும். பைக்குக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அதை எடுத்துவிட்டு, எங்கு வேண்டுமானாலும் ஓடலாம் என்று மாற்றுங்கள். பக்கவாட்டு இடைவெளி இயல்பாக 0.6 மீட்டர். நெரிசலில் பைக்குக்கு அது அதிகம், டிரெய்லருக்குக் குறைவு. முன்வண்டியோடு நிற்கும் இடைவெளி எல்லா வகைக்கும் 2.5 மீட்டர் என்றே இருந்தால் அதையும் வகைவாரியாகப் பிரியுங்கள். நெட்வொர்க்கை இடப்பக்கப் போக்குவரத்தாக உருவாக்கினீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் இதில் தவறியவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

நேர அடியும், அதாவது மாடல் ஒவ்வொரு முறையும் நகரும் கால அளவும், முக்கியம். சுமோ இயல்பாக ஒரு விநாடி அடியில் ஓடும். உதவி கேட்பதும் அதற்குப் பதில் கிடைப்பதும் அடிக்கு அடி நடப்பதால், ஒரு விநாடி என்பது இங்கே ரொம்ப நீளம். 0.2-க்கு இறக்குங்கள்.

அடுத்தது நுழைந்து இடம் பிடிக்கும் குணம். எல்சி அசர்ட்டிவ் என்பது வண்டி கேட்கும் இடைவெளியை வகுக்கும் எண். 2 கொடுத்தால் பாதி இடைவெளியே போதும் என்று ஏற்றுக்கொள்ளும். எல்சி புஷ்ஷி பக்கவாட்டில் மற்றவனை நெருக்கும் துணிச்சல். இயல்பு 0, உச்சம் 1. உங்கள் டிரெய்லர் நகராமல் நிற்பதற்குப் பெரிய காரணம் இந்த 0-தான். பின்வண்டி எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், மூக்கை நீட்டாத வண்டிக்கு அந்தச் சாலையில் இடம் கிடைக்காது. காத்திருக்கக் காத்திருக்கப் பொறுமை குறைவதையும் சேர்க்கலாம். எல்சி டைம் டு இம்பேஷன்ஸ் இயல்பாக முடிவிலியாக இருப்பதால் அந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கும். நிஜத்தில் டிரெய்லர் ஓட்டுநர் எத்தனை விநாடி பொறுக்கிறார் என்று நேரில் அளந்து அந்த எண்ணைக் கொடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானே அதில் மாட்டியிருக்கிறேன். தண்டையார்பேட்டையில் என் பெரியப்பா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். இதே மாதிரி ஒரு மாடலை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினேன். எண்ணிக்கை எல்லாம் பொருந்தி வந்திருந்த சந்தோஷத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, வண்டி நண்டு மாதிரி சைடுல போவுது?” என்றார். அவர் சொன்னது சரி. நின்றுகொண்டிருந்த டிரெய்லர் முன்னே ஒரு அங்குலம்கூட நகராமல் அப்படியே பக்கவாட்டில் வழுக்கி அடுத்த லேனுக்குப் போயிருந்தது. சப்லேன் மாடலில் பக்கவாட்டு வேகம் இயல்பாக விநாடிக்கு 1 மீட்டர், நிற்கும் வண்டிக்கும் அதே. எல்சி மேக்ஸ்-ஸ்பீட்-லாட் ஸ்டாண்டிங் என்ற மதிப்பை 0 ஆக்கினால்தான், முன்னே உருண்டால் மட்டும் பக்கவாட்டில் போகும். அதைப் போட்டதும் பொருந்தியிருந்த எண்ணிக்கை எல்லாம் கலைந்தது. அதுவரை பொருந்தியது தப்பான காரணத்தால் என்று அன்றைக்குத் தெரிந்தது. டிரெய்லர் உருள முன்னால் இடம் வேண்டும். வரிசையின் வாலை ஒட்டிப் போய் நின்றுவிட்டால் திரும்ப முடியாது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஒரு வண்டி நீளம் முன்பே நின்றுகொண்டு இடம் கேட்கிறார்கள்.

அன்று அவர் சொன்ன இன்னொன்று எந்த மாடலிலும் நான் படிக்காதது. “பக்கத்துல வர்றவன்கிட்ட நாங்க வழி கேக்க மாட்டோம். அவன் போவட்டும். அவனுக்குப் பின்னாடி வர்றவன்கிட்டதான் கேப்போம்.” பக்கத்தில் இருப்பவனுக்குத் தயங்க நேரமில்லை, அவனுக்கு அடுத்தவனுக்குத்தான் யோசிக்க நேரம் இருக்கிறது. இருக்கும் மாடல்கள் பெரும்பாலும் உடனடிப் பின்வண்டியிடம்தான் கேட்கும்.

இடதா வலதா என்பதும் இங்கே ஒன்றல்ல. அதே இடத்தில் துறைமுகம் போகும் டிரெய்லர்கள் வரிசையில் சேர வலதிலிருந்து இடதுக்கு வரும், நேரே போகிறவை இடதிலிருந்து வலதுக்குப் போகும். வலப்பக்கம் ஓட்டுநரின் பக்கம். கண்ணாடியும் அவருடையது, கையும் அவருடையது. இடப்பக்கம் அவருக்குப் பாதி குருடு, அங்கே கை நீட்டுவது கிளீனர். இப்போது கிளீனர் இல்லாமல் வரும் வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். அவை இடப்பக்கம் சேரத் தெளிவாகவே அதிக நேரம் எடுக்கின்றன. சுமோவில் அசர்ட்டிவ் மதிப்பைப் பக்கம் பிரித்துக் கொடுக்க முடியாது. வழி ஒன்று இருக்கிறது: துறைமுகம் போகும் டிரெய்லர், நேரே போகும் டிரெய்லர் என்று இரண்டு வண்டி வகை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அடக்கமான எண், இன்னொன்றுக்குத் துணிச்சலான எண். நீளத்தையும் சரியாகக் கொடுங்கள். சுமோவில் டிரெய்லர் வகைக்கு இயல்பு 16.5 மீட்டர், சாதாரண லாரிக்கு 7.1. நீங்கள் லாரி வகையைப் போட்டுவிட்டு டிரெய்லர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இப்போது உங்கள் வரிசையின் நீளம் நிஜத்தில் கிட்டத்தட்ட பாதிதான் வரும்.

இனி மூன்றாவது விஷயம், யாருக்கு யார் மரியாதை தருகிறார்கள் என்பது. கார் டிரெய்லருக்கு வழி விடும், பயம் ஒரு காரணம். அதே கார் ஷேர் ஆட்டோவுக்கு விடாது. சுமோவின் எண்ணுக்குக் கேட்கிறவன் யார் என்று தெரியாது, எல்லோருக்கும் ஒரே அளவு உதவி. இதைத் தாண்ட, ஓடிக்கொண்டிருக்கும் சுமோவோடு பேச உதவும் டிராசி இடைமுகம் வழியாக ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுத வேண்டும். ஒவ்வொரு அடியிலும், அந்த 200, 300 மீட்டர் பகுதிக்குள் இருக்கும் டிரெய்லர்களின் லேன் மாற்ற நிலையைக் கேளுங்கள். ‘மாற வேண்டும், ஆனால் தடுக்கப்பட்டேன்’ என்று பதில் வந்தால், அடுத்த லேனில் பின்னால் வரும் வண்டிகளை எடுத்து, அவற்றின் வகையைப் பார்த்து, கேட்கிறவன், கொடுக்கிறவன் என்ற அந்த ஜோடிக்கு உரிய கோஆப்பரேட்டிவ் மதிப்பை அந்த நேரத்துக்கு மட்டும் மாற்றுங்கள். டிரெய்லர் உள்ளே போனதும் பழையபடி வைத்துவிடுங்கள். பெரியப்பா சொன்ன இரண்டாவது பின்வண்டியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். நூறு வரிக்குள் முடியும் வேலை. முழுச் சாலைக்கும் செய்யாமல் அந்தத் துண்டுக்கு மட்டும் செய்தால் வேகமும் கெடாது.

அந்த ஜோடி மதிப்புகள் எங்கிருந்து வரும்? வீடியோவிலிருந்து. இங்கே போக்குவரத்து ஆய்வாளர் பீட்டர் ஹிடாஸின் 2005 கட்டுரை இன்றைக்கும் கைகொடுக்கும். லேன் மாற்றத்தை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். பிரிப்பது மாறுகிற வண்டியைப் பார்த்து அல்ல, சேரப் போகும் லேனில் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து. நுழைவதற்கு முன்னும் பின்னும் இடைவெளி பெரிதாக மாறவில்லை என்றால் அது இயல்பான மாற்றம். நுழைவதற்கு முன்பே இடைவெளி விரிந்து, நுழைந்தபின் சுருங்கினால் இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்பு விரியாமல், நுழைந்த பிறகு விரிந்தால் இடம் பிடித்திருக்கிறார்கள். லேன் மாறிய வண்டிகளை எண்ணுவதோடு நிறுத்தினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மணிக்கு எத்தனை வண்டி கடந்தது என்பதும் போதாது. நண்டு வழுக்கல் மாடலே எண்ணிக்கையில் பொருந்தியது என்று மேலே சொன்னேன். இடம் கொடுத்தவனை அளவெடுங்கள்: யார், எவ்வளவு தூரத்திலிருந்து வேகத்தைக் குறைத்தார், எவ்வளவு குறைத்தார்.

ஜோடிகளை எழுதும்போது ‘கொடுத்தும் பலிக்கவில்லை’ என்று ஒரு நாலாவது வகையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார்க்காரர் கொடுத்து பைக்குகள் எடுத்துக்கொண்ட இடைவெளி அதில் போகும். ஹிடாஸின் பிரிவில் இதற்கு இடமில்லை. நம்ம சாலையில் அதைத் தவிர்க்க முடியாது.

பைக், கார், ஆட்டோ இவற்றின் பக்கவாட்டு நடத்தைக்கு நீங்கள் எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் எடுத்த வீடியோவிலிருந்து அரை விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் குறித்த தரவு, 2015-ல் வந்த ஒரு கட்டுரையோடு வெளியானது. கலப்புப் போக்குவரத்தை ஆராய்கிறவர்கள் பலர் பயன்படுத்துவது நம்ம ஊர்ப் பாலத்தின் தரவைத்தான். சென்னை ஐஐடியில் தமிழ் அரசனும் கோஷியும் 2005-லேயே லேன் என்ற கோட்டை நம்பாமல், சாலை முழுவதையும் ஒரே பரப்பாக எடுத்து வண்டிகளை ஓட்டும் மாடலை எழுதினார்கள். இரண்டையும் பாருங்கள். ஆனால் உங்களுக்கு வேண்டிய டிரெய்லர் நடத்தை அந்தப் பாலத்தில் கிடைக்காது. அது வடக்கே நாம்தான் எடுக்க வேண்டும்.

சரிபார்க்கும்போது மாயமாவதை நிறுத்திவையுங்கள். இயல்பாக 300 விநாடி மாட்டிக்கொண்ட வண்டியை சுமோ தூக்கி அப்பால் வைத்துவிடும், நீங்கள் சொன்ன ஐந்து நிமிடம் அதுதான். அந்த 300-ஐ -1 ஆக்கினால் அது நடக்காது. சாலை அடைத்துக்கொள்ளும், அடைத்துக்கொள்ளட்டும், தப்பு எங்கே என்று அப்போதுதான் கண்ணில் படும். அதற்கு முன் ஒருமுறை பழைய ஓட்டத்தின் முடிவுச் சுருக்கத்தைப் பாருங்கள். எத்தனை வண்டி நெரிசலால், எத்தனை வழிவிடலால், எத்தனை தப்பான லேனால் தூக்கப்பட்டன என்று பிரித்துச் சொல்லியிருக்கும். தப்பான லேன் கணக்கு அதிகமாக இருந்தால் பாதைக்காகக் கட்டாயம் மாறும் குணத்தின் எண்ணான எல்சி ஸ்ட்ராடஜிக்கைக் கூட்டி முன்கூட்டியே மாற வையுங்கள், ஆனால் நிஜ ஓட்டுநர் வாலைப் பார்க்கும் தூரத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு அமைப்பையும் பத்து வேறு வேறு சீட் (seed) எண்களோடாவது, அதாவது தற்செயலை மாற்றித் தரும் தொடக்க எண்களோடாவது, ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் ஒரு பேருந்து சரியான நேரத்தில் வந்தாலே முடிவு மாறிவிடும், இந்தச் சாலையில் அது நிஜமும்கூட.

லேன் முடியும் இடத்தை ஒரே புள்ளியாக வைத்திருக்கிறீர்கள். வரிசையின் வால் அப்படி ஒரே இடத்தில் நிற்காது. கேட்டில் வேலை வேகமாக நடந்தால் தெற்கே சுருங்கும், நின்றால் வடக்கே நீளும். இப்போதைக்கு மூன்று வெவ்வேறு நீளத்துக்கு மூன்று நெட்வொர்க் வைத்துத் தனித்தனியாக ஓட்டினால் போதும். நேரத்துக்கு ஏற்ப லேனை மூடித் திறக்கும் வசதி சுமோவில் இருக்கிறது, அதை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவுக்கு டிரோன் வேண்டாம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் அதற்கு அனுமதி வாங்கவே உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும். சாலைக்கு மேற்கே இரண்டாவது மாடியில் ஒரு மொட்டை மாடி கிடைத்தால் போதும். சாலைக்குக் கிழக்கே கடல் என்பதால் காலையில் வெயில் நேராக லென்ஸில் அடிக்கும், வண்டிகள் எல்லாம் கருப்பு உருவமாகத்தான் விழும். மதியம் இரண்டு மணிக்கு மேல் எடுங்கள். முதலில் ஒரு மணி நேர வீடியோவில் இருபது டிரெய்லரை மட்டும் பிரித்து எழுதி அனுப்புங்கள், ஜோடி அட்டவணையைச் சேர்ந்தே போடலாம்.